வீட்டுப் படியேறி வருவதை நிறுத்தாதீர்கள்

மாவட்டத்தில் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான பயிற்சியைத் திட்டமிடும் அலுவலர்களுக்கு,

எழுத்தில் எதுவும் வரவில்லை. வாய்மொழியாகத்தான் இப்படிச் சொல்லியிருக்கிறீர்கள்: இனி இயன்முறை மருத்துவரும் சிறப்பாசிரியரும் வீடு வீடாகப் போக வேண்டாம். நடக்க முடியாத பிள்ளைகளையும் வாரம் 2 நாள் வட்டார மையத்துக்குத் தூக்கி வரச் சொல்லுங்கள். அங்கே ஆளுக்கு 45 நிமிடம் பயிற்சி, பிறகு வருகைப் பதிவேட்டில் கையெழுத்து. வீடுகளுக்குப் போனால் ஒரு பயிற்சியாளர் நாளுக்கு 3 பிள்ளைகளைத்தான் பார்க்க முடிகிறது, மையத்தில் இருந்தால் 10 பிள்ளைகளைப் பார்த்துவிடலாம் என்பது நீங்கள் சொன்ன கணக்கு.

கூட்டல் சரி. எண்ண வேண்டியதைத்தான் எண்ணவில்லை.

இந்தப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்வரும் இயன்முறை மருத்துவர்களும் சிறப்பாசிரியர்களும், பிள்ளைகளை வளர்க்கும் அம்மாக்களும் பாட்டிகளும் சேர்ந்து இதை எழுதுகிறோம். வீட்டுக்குள் ஒரு பிள்ளையின் நாள் எப்படிக் கழிகிறது, எது அதை முன்னேற்றுகிறது, எது கெடுக்கிறது என்பது மாதாந்திர அறிக்கையில் ஏறுவதில்லை. அதை உங்கள் முன் வைக்கவே இந்த மடல்.

வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் நீங்கள் தரப்போவது ஒன்றரை மணி. விறைப்பு வகை மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள பிள்ளைக்குக் கெண்டைக்கால் தசை எந்நேரமும் இறுகிக் கிடக்கிறது. எலும்பு வளர வளர அந்தத் தசை கூடவே வளராமல் குட்டையாகிப்போகிறது. குதிகால் தரையில் படுவது நின்றுபோகிறது. இந்தத் தசை குறுகாமல் இருக்க நாளுக்கு எத்தனை மணி நேரம் நீட்டிய நிலையில் இருக்க வேண்டும் என்று பிரான்சில் தார்தியூ என்ற ஆய்வாளரின் குழுவினர் 1988-இல் அளந்து பார்த்தார்கள். கிடைத்த விடை, குறைந்தது 6 மணி நேரம். வாரத்துக்கு அல்ல, நாளுக்கு. பிள்ளையை மேசையில் கிடத்திக் காலை 20 முறை மடக்கி நீட்டுவதால் இது நடக்காது. உட்காரும் விதம், நிற்க வைக்கும் சட்டம், படுக்கும்போது காலை நேராகப் பிடித்துவைக்கப் போடும் ஸ்பிளின்ட், இவற்றால்தான் நடக்கும். அத்தனையும் வீட்டில் இருப்பவர்கள் கையில் இருக்கிறது. ஒரு பாட்டிக்குச் சரியாக உட்கார வைக்கத் தெரிந்துவிட்டால் நாளுக்கு 3 மணி நேரம் வீதம் வாரத்துக்கு 21 மணி நேரம் அந்தப் பிள்ளைக்குச் சிகிச்சை நடக்கிறது. உங்கள் பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

பேருந்துதான் இலவசமாயிற்றே என்கிறீர்கள். கட்டணம் எங்கள் சிக்கல் இல்லை. 18 கிலோ எடையுள்ள, கழுத்து நிற்காத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையில் கம்பியைப் பிடித்து நகரப் பேருந்தின் படியேறுவது சிக்கல். இரண்டு பேருந்து மாறும் இடத்தில் பிள்ளைக்குத் துணி மாற்ற மறைவிடம் இல்லாதது சிக்கல். மதிய மாத்திரையும் மதியச் சாப்பாடும் தவறிப்போவது சிக்கல். நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாவுக்கு வாரம் 2 நாள் கூலி போவது சிக்கல். இத்தனையும் கடந்து மையத்துக்கு வந்து சேரும்போது பிள்ளை அழுது களைத்திருக்கும். விறைப்புள்ள பிள்ளை அழுதால் விறைப்பு இன்னும் கூடும். 45 நிமிடத்தில் பாதி அதைத் தேற்றுவதற்கே போய்விடும். நான்கு வாரம் வருவார்கள். அதன் பிறகு நின்றுவிடுவார்கள். "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று குறிப்பெழுதி அந்தப் பெயர் நீக்கப்படும். இந்த வரிசை முன்பும் நடந்திருப்பதால்தான் இப்போதே சொல்கிறோம்.

வீட்டுக்குப் போகும் பயிற்சியாளர் முதலில் பார்க்க வேண்டியது பிள்ளையின் கையையோ காலையோ அல்ல, சாப்பாட்டு நேரத்தை. 6 வயதான பிள்ளையை மடியில் மல்லாக்கக் கிடத்தி, தலையைப் பின்னால் சாய்த்து ஊட்டிக்கொண்டிருப்பார்கள். கைக்குழந்தையாக இருந்தபோது பாலாடையில் புகட்டிய பழக்கம் மாறாமல் தொடர்ந்திருக்கும். தலை பின்னால் சாயும்போது உணவு தானாகத் தொண்டைக்குள் ஓடுகிறது. விழுங்கத் தயாராவதற்குள் மூச்சுக்குழல் பக்கம் இறங்கிவிடுகிறது. பிறகு இருமல், நெஞ்சுச் சளி, காய்ச்சல், ஊசி. அடுத்த மாதம் திரும்பவும். "இதுக்குச் சளி உடம்பு" என்று ஊரும் வீடும் முடிவுகட்டிவிடும். ஊட்டும் கோணத்தை மாற்றாமல் எத்தனை மருந்து கொடுத்தும் பயன் இல்லை.

மாற்ற வேண்டியது இவ்வளவுதான். பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். இடுப்பும் முழங்காலும் மடங்கி, பாதம் எதிலாவது ஊன்றியிருக்க வேண்டும். தலை நேராக, மோவாய் சற்றே உள்வாங்கி இருக்க வேண்டும். ஊட்டுகிறவர் எதிரில், பிள்ளையின் கண் மட்டத்துக்குத் தாழ உட்கார வேண்டும். நின்றுகொண்டு ஊட்டினால் பிள்ளை அண்ணாந்து பார்க்கும், தலை மறுபடி பின்னால் போகும். ஸ்பூன் குழிவில்லாமல் தட்டையாக இருக்கட்டும். அரை ஸ்பூன் உணவை நாக்கின் நடுவில் வைத்து லேசாகக் கீழே அழுத்தி, உதடு மூடும்வரை காத்திருந்து, ஸ்பூனை நேராக வெளியே எடுக்க வேண்டும். மேல் பல்லில் வழித்துவிட்டு எடுப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் உதட்டுக்கு வேலையே இல்லாமல் போகிறது, தலையும் பின்னால் தள்ளப்படுகிறது. முந்தைய வாய் விழுங்கி முடிந்ததா என்று தொண்டையைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வாய். சாப்பிட்டபின் அரை மணி நேரம் படுக்க வைக்கக் கூடாது.

எதைக் கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்கு மிகக் கடினமான உணவு எது தெரியுமா? ரசம் சாதம். உடம்பு சரியில்லை என்றால் நம் வீடுகளில் முதலில் கரைத்துக் கொடுப்பது அதைத்தான். தண்ணீராக ஓடும் ரசமும் பருக்கையும் ஒரே வாயில் சேரும்போது, பருக்கையை மெல்ல முயலும் நேரத்தில் ரசம் முந்திக்கொண்டு தொண்டைக்குள் போய்விடுகிறது. இட்லியைச் சாம்பாரில் மிதக்கவிட்டு ஊட்டுவதும் இதே கதைதான். ஊறவைத்து ஒரே பதமாக மசித்துவிட்டால் பயமில்லை. ஸ்பூனைச் சாய்த்தால் ஒழுகாமல் மெதுவாக வழுக்கி விழும் பதம், அதாவது கெட்டியான கேழ்வரகுக் கூழின் பதம், தொடங்குவதற்கு நல்லது. அதற்காக ஆண்டுக்கணக்கில் மிக்ஸியில் அடித்தே கொடுத்துக்கொண்டிருந்தால் மெல்லவே கற்காது. கூழ், மசித்தது, குழைந்தது, பிசைந்தது என்று படிப்படியாக ஏற்ற வேண்டும், எப்போது ஏற்றலாம் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறவர்தான் சொல்ல முடியும்.

தண்ணீர் குடிப்பதில் இன்னொரு சிக்கல். எச்சில் படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிப்பது நம் மரியாதை. இந்தப் பிள்ளைகளுக்கு அதுவே ஆபத்து. டம்ளரை வாயில் வைத்துக் கொடுத்தாலும் கடைசி மடக்குக்கு மூக்கு இடித்துத் தலை பின்னால் சாயும். ஒரு பிளாஸ்டிக் டம்ளரின் விளிம்பில் மூக்கு நுழையும் அளவுக்குப் பிறைவடிவில் வெட்டி, வெட்டிய ஓரத்தைத் தேய்த்து மழுக்கி, வெட்டாத பக்கத்தில் குடிக்க வைத்தால் தலை நேராகவே இருக்கும். செலவு ஒரு டம்ளர். இதை 20 நிமிடத்தில் சொல்லிக் காட்டலாம், ஆனால் அந்த வீட்டுத் தட்டையும் டம்ளரையும் உட்காரும் இடத்தையும் கண்ணால் பார்த்த பிறகுதான். மையத்தில் யாரும் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக் காட்டப்போவதில்லை. ஒவ்வொரு வேளையும் இருமுகிறது, குடித்தபின் குரல் ஈரமாகக் கரகரக்கிறது, கண்ணில் நீர் கோர்க்கிறது, ஒரு வேளைச் சாப்பாடு 30 நிமிடத்தைத் தாண்டுகிறது என்ற அடையாளங்களைக் கண்டு மருத்துவரிடம் அனுப்புவதும் இந்த வீட்டு வருகையில்தான் நடக்கும்.

அடுத்தது தூக்குவது. விறைப்புள்ள பிள்ளையை மல்லாந்த நிலையிலிருந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் உடம்பு வில்லாக வளைந்து, கால்கள் கத்தரிக்கோல்போலப் பின்னிக்கொள்ளும். நாளுக்கு 15, 20 முறை இப்படித் தூக்கப்படும் பிள்ளைக்கு, அந்த 20 முறையும் விறைப்புக்கே பயிற்சி. முதலில் ஒருக்களித்துப் புரட்டி, முழங்காலை வயிற்றுப் பக்கம் மடக்கி, உருண்டையாக்கி, அதன் பிறகு உடம்போடு அணைத்துத் தூக்க வேண்டும். சின்னப் பிள்ளையாக இருந்தால் நம் பாட்டிமார் தூக்கும் முறையே சிறந்தது: இடுப்பில் உட்கார வைத்து, இரண்டு காலும் இரண்டு பக்கம் விரிய. தொடையின் உட்புறத் தசை நீளுகிறது, இடுப்பு மடங்குகிறது, பிள்ளைக்கு உலகம் தெரிகிறது. பல வீடுகளில் "வலிக்கும், பாவம்" என்று இதை விட்டுவிட்டுக் கைக்குழந்தையைப்போல இரு கையிலும் ஏந்திக்கொண்டு திரிகிறார்கள். தொய்வான உடம்புள்ள பிள்ளைக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது, முதுகுக்குக் கை கொடுக்க வேண்டும். எந்தப் பிள்ளைக்கு எது என்று ஒருமுறை தொட்டுக் காட்ட ஆள் வேண்டும். பிள்ளை 20 கிலோவைத் தாண்டினால் இரண்டு பேர் தூக்க வேண்டும். பின்னால் நிற்பவர் அக்குள் வழியாகக் கைவிட்டு முன்கைகளைப் பிடிக்க, மற்றவர் முழங்காலுக்கடியில் கை கொடுக்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்காத வீடுகளில் 30 வயது அம்மாவுக்கு நடுமுதுகு போய்விடுகிறது. அம்மா படுத்தால் அந்தப் பிள்ளையின் நாளே நின்றுபோகும்.

இனி, முகாமில் கொடுக்கும் சக்கர நாற்காலி. இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பணம் செலவழித்துக் கெடுதல் செய்யும் இடம் இது. இடுப்பு 9 அங்குலம் அகலமுள்ள பிள்ளைக்கு 16 அங்குல இருக்கை கொண்ட பெரியவர் நாற்காலி வருகிறது. பிள்ளை ஒரு பக்கமாகச் சரிந்து கைப்பிடியில் சாய்ந்துகொள்கிறது. தினமும் ஒரே பக்கம் சரிந்தால் முதுகெலும்பு அந்தப் பக்கமே வளைகிறது. இருக்கையின் ஆழம் தொடையைவிட நீளமாக இருப்பதால் முழங்காலை மடக்க முடியாமல் இடுப்பு முன்னால் வழுக்குகிறது. வால் எலும்பில் உட்காருகிறது. அங்கே புண் வைக்கிறது. துணி இருக்கை நாளடைவில் தொட்டில்போலத் தொய்ந்து இரண்டு தொடையையும் உள்ளே திருப்புகிறது. பாதம் பலகையைத் தொடாமல் தொங்குகிறது. வீட்டில் இருப்பவர்களுக்கே இது சரியில்லை என்று தெரிந்து, நாற்காலியை மடக்கிச் சுவரோரம் வைத்துவிடுகிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட சக்கர நாற்காலி வழிகாட்டியில் 8 படிகள் உண்டு. முன்பதிவு, மதிப்பீடு, பரிந்துரை, நிதியும் கொள்முதலும், நாற்காலியைத் தயார் செய்வது, பொருத்திப் பார்ப்பது, பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பது, பிறகு பராமரிப்பும் தொடர்கவனிப்பும். இங்கே நடப்பது பதிவும் வழங்கலும் மட்டும். நடுவில் உள்ளவை எல்லாம் விடுபட்டுப்போகின்றன.

அளவு எடுக்க ஒரு தையல்காரர் நாடா போதும். பிள்ளையைப் பலகையில் நிமிர்த்தி உட்கார வைத்து 5 அளவுகள். இடுப்பின் அகலம், இருக்கை அதைவிட 1 அங்குலத்துக்கு மேல் அகலக் கூடாது. பிட்டத்தின் பின்பக்கத்திலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை. இருக்கை ஆழம் அதைவிட இரண்டு விரற்கடை குறைவு. முழங்கால் மடிப்பிலிருந்து குதிகால் வரை, கால்பலகைக்காக. இருக்கையிலிருந்து முழங்கை வரை, முன்பலகை மேசைக்காக. இருக்கையிலிருந்து தோள் வரை, முதுகுப் பலகைக்காக. கழுத்து நிற்காத பிள்ளைக்கு உச்சந்தலை வரை. ஏற்கனவே கொடுத்துவிட்ட பெரிய நாற்காலியையும் தூக்கிப்போட வேண்டியதில்லை. தொய்ந்த துணிமேல் அளவுக்கு வெட்டிய அரை அங்குல ஒட்டுப்பலகை, அதன்மேல் 2 அங்குல அடர்ந்த ஃபோம், இடுப்பின் இரு பக்கமும் ஃபோம் சுற்றிய கட்டை, 45 பாகைக் கோணத்தில் இடுப்பைக் குறுக்கே பிடிக்கும் பட்டை. பட்டையை வயிற்றில் கட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. வயிற்றில் கட்டினால் பிள்ளை அதற்கடியில் வழுக்கிவிடும், மூச்சும் முட்டும். தொடையும் உடம்பும் சேரும் மடிப்பில்தான் பட்டை விழ வேண்டும். உள்ளூர்த் தச்சர் ஒரு மணி நேரத்தில் செய்துவிடுவார், அளவு சொல்ல ஆள் இருந்தால்.

நாற்காலியே இல்லாத வீட்டில் சுவர் மூலை இருக்கிறது. மூலையில் உட்கார வைத்தால் இரண்டு சுவரும் தோளை முன்னுக்குத் தள்ளுகின்றன. கைகள் முன்னால் வந்து விளையாட்டுச் சாமானைத் தொடுகின்றன. பழைய பேன்ட்டின் காலை வெட்டி, மணல் நிரப்பி இரு முனையும் கட்டினால் சரியாமல் தாங்கும் மூட்டை. இடுப்புக்கு இரு பக்கமும் ஒவ்வொன்று, விரிந்த கால்களுக்கு நடுவே சுருட்டிய போர்வை. முதல் வாரம் 10 நிமிடம், பிறகு அரை மணி நேரம். மளிகைக்கடை அட்டைப்பெட்டியிலும் உறுதியான இருக்கை செய்யலாம். பெட்டியைப் பிரித்து அலைவரி ஒரு அடுக்கு நெடுக்காகவும் அடுத்தது குறுக்காகவும் மாற்றி மாற்றி 8 முதல் 10 அடுக்கு மைதா பசையில் ஒட்டி, மேலே பாரம் ஏற்றிக் காயவைக்க வேண்டும். காயாமல் அவசரப்பட்டு அடுத்த அடுக்கை ஒட்டினால் உள்ளே பூஞ்சை பிடித்துப் பொதபொதவென்று ஆகிவிடும், ஆகவே ஐப்பசி கார்த்திகையில் இந்த வேலை வேண்டாம். புத்தகம் பைண்டிங் செய்பவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு, இந்தப் பிள்ளைகள் எதையும் வாயில் வைக்கும், ஆகவே கலக்கக் கூடாது.

நடைக்கு வீட்டிலேயே இருப்பது மர நடைவண்டி. விறைப்பால் நுனிவிரலில் நிற்கும் பிள்ளை தள்ளும்போது வண்டி முந்தி ஓடி, பிள்ளை குப்புற விழும். முன்சட்டத்தில் 2 செங்கல்லைக் கட்டினால் வேகம் அடங்கும். கைப்பிடி இடுப்புக்குச் சற்று மேலே இருந்தால் உடம்பு நிமிரும். நடுவில் துணி இருக்கை தொங்கும் பிளாஸ்டிக் வாக்கரை மட்டும் யாரும் வாங்கிக் கொடுக்க வேண்டாம். அது குதிகாலை ஊன்றவிடாது. படியில் உருண்டு விழுந்த விபத்துகளால் கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்தது.

உடம்பைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். பேச முடியாத பிள்ளையின் மனசுக்கும் வீடுதான் பள்ளி. "அதுக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியும்" என்று அம்மா கேட்காமலே கொடுத்துவிடுவார். அன்பால் செய்வதுதான், ஆனால் கேட்க வேண்டிய தேவையே பிள்ளைக்கு வராமல் போகிறது. வாழைப்பழத்தையும் பிஸ்கெட்டையும் ஒரு முழ இடைவெளியில் கண் மட்டத்தில் காட்டி "எது வேணும்?" என்று கேட்டுவிட்டு மனசுக்குள் 10 எண்ண வேண்டும். பெரும்பாலானவர்கள் 3 எண்ணுவதற்குள் பொறுமை இழந்து கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் பிள்ளைக்குக் கண்ணைத் திருப்பவே 7, 8 நொடி ஆகும். பார்த்ததைக் கொடுத்தால், பார்வை ஒரு சொல் என்று பிள்ளைக்குப் புரிகிறது. பிறகு ஆமாம், இல்லை என்ற இரண்டு சைகை. பிறகு அந்த வீட்டின் டம்ளர், பாய், அப்பா, ஆடு, கழிப்பறை இவற்றின் படங்களை ஒட்டிய ஒரு அட்டை. மையத்தில் கொடுக்கும் அச்சிட்ட அட்டையில் ஆப்பிளும் விமானமும் இருக்கின்றன. இந்தப் பிள்ளை நாளெல்லாம் பார்ப்பது ஆட்டை.

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு உடுத்தக் கற்றுக்கொடுப்பதில் கடைசிப் படியிலிருந்து தொடங்க வேண்டும். இலாஸ்டிக் வைத்த அரைக்கால் சட்டையை முட்டிக்கு மேல்வரை நாம் ஏற்றிவிட்டு, இடுப்புக்கு இழுக்கும் கடைசி இழுப்பை மட்டும் பிள்ளையிடம் விட வேண்டும். அது கைவந்ததும் முட்டியிலிருந்து, பிறகு கணுக்காலிலிருந்து. ஒவ்வொரு முறையும் வேலை பிள்ளையின் கையில் முடிவதால் அடுத்த நாளும் செய்யத் தோன்றுகிறது. முதல் படியிலிருந்து தொடங்கினால் காலை நுழைக்கும்போதே தடுமாறி, அழுது, அம்மாவே போட்டுவிடுவதில் முடியும். ஒரு பக்கம் செயல்படாத பிள்ளைக்குப் போடும்போது அந்தப் பக்கக் கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். பூண்டு உரிப்பது, தட்டு எடுத்து வைப்பது, துணியைக் கொடியிலிருந்து எடுப்பது எல்லாம் இப்படிக் கற்றுக்கொடுக்கக்கூடியவை. பணிக்குப் போகிற வயது வரும்போது இவைதான் அடித்தளம்.

இவை ஏன் வீட்டில் நடப்பதில்லை என்று கேட்பீர்கள். 14 பயிற்சிகளின் படம் போட்ட நகல் தாளைக் கொடுத்து "தினமும் செய்யுங்கள்" என்று அனுப்புவதால் நடப்பதில்லை. ஆடு மாடு, அடுப்பு, மற்ற பிள்ளைகள் நடுவே 14 பயிற்சிக்குத் தனியாக நேரம் கிடைக்காது. செய்யாத குற்ற உணர்ச்சியில் அடுத்த முறை அம்மா பயிற்சியாளர் முகத்தைப் பார்க்கவே தயங்குவார். ஒரு வருகைக்கு ஒன்று அல்லது இரண்டு செயல், அதிகம் போனால் மூன்று. அதுவும் ஏற்கனவே செய்துகொண்டிருக்கும் வேலைக்குள் பொதிந்ததாக இருக்க வேண்டும்: குளிப்பாட்டும்போது, ஊட்டும்போது, உடுத்தும்போது. பயிற்சியாளர் செய்துகாட்டி, பிறகு வீட்டில் இருப்பவர் கையால் செய்ய வைத்துப் பார்த்து, திருத்தி, அடுத்த முறை வந்து அதையே முதலில் கேட்க வேண்டும்.

இது புது யோசனை இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் போர்ட்டேஜ் என்ற ஊரில் 1969-இல் இதே சிக்கல் வந்தது. வீடுகள் தூரம் தூரமாகக் கிடந்தன. சின்னப் பிள்ளைகளை மையத்துக்குக் கொண்டுவர முடியவில்லை. அதனால் அவர்கள் ஆசிரியரை வாரம் ஒருமுறை வீட்டுக்கு அனுப்பினார்கள். மற்ற நாட்களில் பெற்றோர் கற்றுக்கொடுத்து ஒரு தாளில் குறித்துவைத்தார்கள். பிறகு அந்த முறையைப் பல நாடுகள் எடுத்துக்கொண்டன. நம் பக்கத்திலேயே, ஆய்க்குடியில் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் கிராமத்துப் பணியாளர்களைப் பயிற்றுவித்து வீடுகளுக்கு அனுப்புகிறது. தூரம் என்ற சிக்கலுக்கு இந்த இரண்டு இடத்திலும் கண்ட தீர்வு நீங்கள் எடுத்த முடிவுக்கு நேர் எதிரானது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். மருத்துவமனையோ மையமோ வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. வீட்டில் செய்யவே முடியாதவை உண்டு. நடக்க முடியாத பிள்ளைகளின் இடுப்பு மூட்டு சத்தமில்லாமல் விலகிப்போகும். 2006-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், தானாக உட்காரவும் முடியாத மிகக் கடுமையான நிலையில் இருந்த பிள்ளைகளில் 90 சதவீதம் பேருக்கு இடுப்பு விலகல் இருந்தது. நன்றாக நடப்பவர்களில் ஒருவருக்கும் இல்லை. வலி தொடங்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். தெற்கு ஸ்வீடனில் 1994 முதல் இந்தப் பிள்ளைகளை ஒழுங்காக எக்ஸ்ரே எடுத்துக் கண்காணித்ததில் முழுமையாக மூட்டு கழன்றுபோவது பெரும்பாலும் நின்றுவிட்டது. ஆண்டுக்கு ஒரு இடுப்பு எக்ஸ்ரேவுக்காகப் பிள்ளையைத் தூக்கிவர எந்தத் தாயும் மறுக்க மாட்டார். அதைக் கேளுங்கள், வருகிறோம்.

சட்டத்தையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. கட்டாயக் கல்விச் சட்டத்தின் 2012-ஆம் ஆண்டுத் திருத்தம், பல்வகை அல்லது கடுமையான குறைபாடுள்ள பிள்ளைக்கு வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்துகொள்ளும் உரிமையைத் தருகிறது. தேர்வு பிள்ளையுடையது, குடும்பத்தினுடையது, அலுவலகத்தினுடையது அல்ல. அதே உரிமையைத் திருப்பிப்போட்டு, "வீட்டிலேயே இருக்கட்டும்" என்று பள்ளி வாசலில் பிள்ளையைத் திருப்பி அனுப்பவும் முடியாது: 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு 6 முதல் 18 வயதுவரை அருகமைப் பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வியை உறுதி செய்கிறது. "முடியவில்லை என்றால் ஏதாவது இல்லத்தில் சேர்த்துவிடுங்களேன்" என்று மையங்களில் சொல்லப்படுவதை நாங்கள் கேட்டிருக்கிறோம். குறைபாட்டைக் காரணம் காட்டி ஒரு பிள்ளையை நீதிமன்ற ஆணையின்றிப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 9-ஆம் பிரிவு. பிரிக்காமல் இருப்பது மட்டும் போதாது. வீட்டில் வைத்து வளர்க்கத் தேவையானதைக் கையில் கொடுக்கவும் வேண்டும்.

நாங்கள் கேட்பவை:

வாய்மொழி உத்தரவைத் திரும்பப் பெறுங்கள். உட்காரவோ நடக்கவோ முடியாத ஒவ்வொரு பிள்ளைக்கும் 2 வாரத்துக்கு ஒருமுறையாவது, ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல், வீட்டு வருகை வேண்டும். அதில் ஒன்றாவது சாப்பாட்டு நேரத்தில் அமைய வேண்டும். மையத்துக்கு வர விரும்பும் குடும்பத்துக்கு மையம் திறந்திருக்கட்டும். வராததைக் காரணம் காட்டி உதவித்தொகையிலிருந்தோ பட்டியலிலிருந்தோ எந்தப் பெயரையும் நீக்கக் கூடாது.

பயிற்சியாளரின் வேலையைத் தலை எண்ணி அளக்காதீர்கள். ஒவ்வொரு வருகைக்கும் அரைப்பக்கக் குறிப்பு போதும்: வீட்டில் யாருக்கு என்ன செயல் கற்றுக்கொடுத்தோம், அவர் தன் கையால் செய்தாரா, சென்ற முறை சொன்னது நடக்கிறதா, நடக்கவில்லை என்றால் ஏன். பயிற்சியாளர்களுக்கு வண்டிக்கான பெட்ரோல் படியை மாதந்தோறும் கொடுங்கள். இன்று பலர் சொந்தப் பணத்தில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

5 அளவுகள் எழுதாத படிவத்துக்குப் பிள்ளைகளுக்கான நாற்காலி எதையும் வழங்கக் கூடாது. வழங்கிய 6 வாரத்திலும் 6 மாதத்திலும் ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பொருத்தம் பார்க்க வேண்டும். ஏற்கனவே கொடுத்துவிட்டுச் சுவரோரம் கிடக்கும் நாற்காலிகளைத் திருத்தித்தர ஒன்றியத்துக்கு ஒரு தச்சரை அமர்த்துங்கள்.

ஊட்டுவதும் தூக்குவதும் உட்கார வைப்பதும் பற்றிய 3 நாள் செய்முறைப் பயிற்சியை ஊருக்குள்ளேயே, அங்கன்வாடியில், வேலை முடிந்த மாலை நேரத்தில் நடத்துங்கள். பாட்டிகளையும் அப்பாக்களையும் அக்கா அண்ணன்களையும் பெயர் சொல்லி அழையுங்கள். அழைப்பு அம்மாவுக்கு மட்டும் போனால் சுமையும் அம்மாவிடமே நின்றுவிடும்.

நடக்க முடியாத எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை இடுப்பு எக்ஸ்ரே, அரசு மருத்துவமனையில், நாள் குறித்து, வண்டி அனுப்பி எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். வலிப்பு மருந்து 2 மாதத்துக்குச் சேர்த்துக் கிடைக்கட்டும். மருந்து தீர்ந்து 3 நாள் இடைவெளி விழுந்தாலே பல மாதப் பயிற்சி கரைந்துவிடுகிறது.

இந்த மடலுக்கான பதிலை 30 நாளுக்குள், எழுத்தில் தாருங்கள். மறுப்பதாக இருந்தாலும் எழுத்திலேயே தாருங்கள்.

இப்படிக்கு,
வீட்டுவழிப் பயிற்சியாளர்களும் பெற்றோரும்